ஏலக்காய்த் திருட்டும் ஒரு கூடிப்பேச்சும்: ஏலமலை எல்லையில் நடந்த சீரமைப்பு நீதி முயற்சி பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

இடுக்கி மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், தேனி மாவட்ட எல்லையை ஒட்டிய ஓர் ஏலத்தோட்டப் பகுதியில் இந்த நிகழ்வு நடந்தது. கம்பம், போடி பக்கத்திலிருந்து குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு வழியாக விடிகாலையில் ஜீப்பில் ஏறி வந்து, காய் எடுத்துவிட்டு மாலையில் மலையிறங்குகிறவர்கள் இங்கே ஒரு சாரார். தலைமுறைகளாக லயங்கள் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளிலும் புறம்போக்கு வீடுகளிலும் குடியிருக்கும் தமிழர்கள் இன்னொரு சாரார். இந்த ஆய்வில் வரும் மூன்று சிறுவர்களும் இரண்டாவது வகைக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். திருட்டுக்கு ஆளான தோட்டக்காரரும் தமிழர்தான். அவருடைய அப்பா கூலியாக மலையேறி வந்தவர். இவருக்கு இப்போது இரண்டு ஏக்கர் ஏலமும், அதன்மேல் கூட்டுறவு வங்கிக் கடனும் இருக்கின்றன.

சட்டத்துக்கு முரண்பட்ட சிறாரை அடையாளம் காட்டும் எந்த விவரத்தையும் வெளியிடக் கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டம், 2015-இன் 74-ஆம் பிரிவு தடுக்கிறது. மீறினால் 6 மாதம் வரை சிறையோ, 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆகவே ஊர், பள்ளி, ஆண்டு, பெயர்கள் எவையும் இங்கே இல்லை. சிறுவர்களை வயதை வைத்து மூத்தவன் (17), நடுவன் (16), இளையவன் (15) என்றே குறிப்பிடுகிறேன். மூத்தவன் பத்தாம் வகுப்போடு நின்று சுமை ஏற்றும் வேலைக்குப் போனவன். மற்ற இருவரும் படித்துக்கொண்டிருந்தார்கள். மூவர் மீதும் அதற்கு முன் எந்தப் புகாரும் இருந்ததில்லை. பிற்பாடு நடந்த கூடிப்பேச்சை, அதாவது இழந்தவரும் எடுத்தவரும் நேருக்கு நேர் பேசிச் சேதத்தைச் சரிசெய்யப் பார்க்கும் சீரமைப்பு நீதிக் கூட்டத்தை, ஒருங்கிணைத்த ஆள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்; எனவே இதில் வரும் தவறுகளில் சில என்னுடையவை.

அந்த இரவும் மறுநாள் காலையும்

காய் எடுப்பு மும்முரமாக நடக்கும் ஐப்பசி மாதத்தில், மழை விட்டிருந்த ஓர் இரவில், காவலுக்குப் படுத்திருந்த தோட்டக்காரரிடம் நடுவனும் இளையவனும் பிடிபட்டார்கள்; மூத்தவன் ஓடிவிட்டான். அவர்களுடைய சாக்கில் 6 கிலோ பச்சைக்காய் இருந்தது. ஒரு வாரத்துக்கு முன்பு இதே தோட்டத்தில் 14 கிலோ எடுத்து, மலைச்சரக்குக் கடை ஒன்றில் கிலோ 200 ரூபாய் வீதம் 2,800 ரூபாய்க்கு விற்றதையும் ஒப்புக்கொண்டார்கள். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக்காய் காய்ந்தால் ஒரு கிலோ உலர்ந்த காய் கிடைக்கும். அன்றைய ஏல விலையில் அந்த 14 கிலோவின் மதிப்பு சுமார் 7,000 ரூபாய்.

காயின் விலையை விடப் பெரிய சேதம் ஒன்று இருந்தது. இருட்டில் காயை ஒவ்வொன்றாகக் கிள்ள முடியாமல் சரத்தோடு அறுத்திருந்தார்கள். ஏலச்செடியின் அடித்தூரிலிருந்து தரையோடு நீளும் சரத்தில் முற்றிய காய், பிஞ்சு, பூ, மொட்டு எல்லாம் ஒரே நேரத்தில் இருக்கும். 35 முதல் 45 நாளுக்கு ஒரு முறை, முற்றியதை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை விட்டுவைப்பதுதான் எடுப்பு முறை. சரத்தை அறுத்தால் அடுத்தடுத்த எடுப்புகளும் போய்விடும். சுமார் 40 தூர்களில் இப்படி அறுபட்டிருந்தது.

பிடிபட்ட இருவரையும் விடியும் வரை, காய் உலர்த்தும் ஸ்டோரின் தூணில் கட்டிவைத்தார்கள். உறவினர் ஒருவர் இளையவனை அறைந்தார். தோட்டக்காரருடைய அண்ணன் மகன் அதைக் கைப்பேசியில் படம் பிடிக்க, பொழுது விடிவதற்குள் அது இரண்டு வாட்ஸ்அப் குழுக்களுக்குப் போய்விட்டது.

காலையில் வார்டு மெம்பரும் தொழிற்சங்கத்துக்காரர் ஒருவரும் யூனியன் ஆபீசில் பெற்றோரைக் கூப்பிட்டு உட்கார்ந்தார்கள். ஒரு வாரத்தில் 50,000 ரூபாய் கட்ட வேண்டும், இல்லையென்றால் கேஸ் என்று பேச்சு போயிற்று. அவர்களுக்குக் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் சொல்ல மாட்டேன். பையன்களைப் போலீசுக்கு அனுப்பாமல் முடிக்க வேண்டும் என்றுதான் நினைத்தார்கள். ஆனால் அந்தத் தொகை எந்தக் கணக்கில் வந்தது என்று யாரும் கேட்கவில்லை. பையன்களை ஒரு வார்த்தையும் பேசவிடவில்லை. நடுவனுடைய அம்மாவிடம் அடகு வைக்க ஒரு ஜோடி கம்மல் மட்டுமே இருந்தது.

காவல் நிலையத்திலும் குழுமத்திலும் எடுத்த முடிவுகள்

பேச்சு முடிவதற்குள் செய்தி காவல் நிலையத்துக்கு எட்டிவிட்டது. குழந்தை நலக் காவல் அலுவலர் சீருடை இல்லாமல் வந்தார். திருட்டுக்கு, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 303(2) பிரிவில் அதிகபட்சத் தண்டனை 3 ஆண்டு. இளைஞர் நீதிச் சட்டத்தின் கணக்கில் இது சிறு குற்றம். கொடிய குற்றமாகவோ, பெரியவர்களோடு சேர்ந்து செய்த குற்றமாகவோ இல்லாதபோது முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டியதில்லை என்று 2016-ஆம் ஆண்டு மாதிரி விதிகள் சொல்கின்றன. அதன்படி அவர் தகவலைப் பொது நாட்குறிப்பில் எழுதி, சமூகப் பின்னணி அறிக்கையைத் தயாரித்து, சிறுவர்களைப் பெற்றோரிடம் ஒப்படைத்து, இளைஞர் நீதிக் குழுமத்துக்குத் தெரிவித்தார். குழந்தையைக் கட்டிவைத்து அடிப்பதும் குற்றம்தான் என்று தோட்டக்காரரிடமும் சொல்லிவிட்டுப் போனார். காயை வாங்கிய வியாபாரி மீது தனியே நடவடிக்கை தொடங்கியது.

குற்றவியல் நடுவர் ஒருவரும் சமூகப் பணியாளர் இருவரும் கொண்டதுதான் குழுமம். முதல் அமர்விலேயே நன்னடத்தை அலுவலர் மூலம் சமூக விசாரணை அறிக்கை கேட்டார்கள். நீதிமன்ற நடவடிக்கை இல்லாமல் தீர்ப்பதை முடிந்தவரை ஊக்குவிக்க வேண்டும் என்பது இளைஞர் நீதிச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு கூறும் கோட்பாடுகளில் ஒன்று. அறிவுரை கூறி வீட்டுக்கு அனுப்புதல், குழு ஆலோசனை, சமூக சேவை, அபராதம், நன்னடத்தைக் கண்காணிப்பு எனப் பல வழிகளை 18-ஆம் பிரிவு தருகிறது. அந்தப் பட்டியலில் இழப்புக்கு ஆளானவருக்கு ஈடு என்று தனியாக எதுவும் இல்லை. இது குழந்தைக்கான சட்டம் என்பதால் அதில் வியப்பில்லை. ஆனால் தோட்டக்காரருக்கு அந்த அறையில் சாட்சி என்பதைத் தவிர வேறு இடம் கிடைக்காது என்பதும் உண்மை. இதே திருட்டைப் பெரியவர் ஒருவர் முதல் முறையாகச் செய்து, மதிப்பு 5,000 ரூபாய்க்குள் இருந்து, பொருளையோ பணத்தையோ திருப்பித் தந்திருந்தால், புதிய சட்டப்படி அவருக்குச் சமூக சேவைதான் தண்டனை. அங்கேகூட இழந்தவரும் எடுத்தவரும் நேருக்கு நேர் பேச ஏற்பாடு ஏதும் இல்லை.

குழுமத்தின் சமூகப் பணியாளர் உறுப்பினர் ஒருவர்தான் கூடிப்பேச்சு யோசனையை முன்வைத்தார். கனடாவின் எல்மிராவில் 1974-இல், 22 இடங்களைச் சேதப்படுத்திய இரண்டு இளைஞர்களை ஒவ்வொரு வீட்டுக்காரரையும் நேரில் பார்க்க வைத்ததிலிருந்தும், மாவோரி மக்களின் வழக்கத்தைத் தழுவி நியூசிலாந்து 1989-இல் குடும்பக் கூட்டத்தைச் சட்டமாக்கியதிலிருந்தும் வளர்ந்த முறை அது. எங்கள் பக்கத்தில் இதைச் சொன்னவுடன் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது பஞ்சாயத்துதான். ஆகவே குழுமம் எழுத்தில் நிபந்தனை விதித்தது: இரு தரப்பும் விரும்பினால் மட்டுமே நடக்க வேண்டும், எவரும் எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம், பேச்சு முறிந்தால் அங்கே சொன்னது எதுவும் விசாரணையில் பயன்படாது, விசாரணைக்குச் சட்டம் தரும் 4 மாதக் கெடுவுக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும்.

தனித்தனிச் சந்திப்புகள்

கூடிய நாளுக்கு முன் ஐந்து வாரம் தனித்தனியே பேசினேன். தோட்டக்காரர் அந்த ஆண்டு மூன்று முறை திருட்டுக் கொடுத்தவர். மூன்றுக்கும் இவர்களே பதில் சொல்ல வேண்டும் என்றார். பையன்கள் இரண்டு இரவுகளை மட்டும் ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்டதை மட்டுமே பேசுவது என்று முடிவு செய்தேன். மீதமிருந்த கோடைகாலத் திருட்டையும் இவர்கள் தலையில் ஏற்றினால், செய்ததையும் மறுக்க அவர்களுக்கு வழி கிடைத்துவிடும். அவர் இதை அரை மனதோடுதான் ஏற்றார்.

நடுவனுடைய அம்மாவிடமிருந்து எதிர்பாராத செய்தி வந்தது. காய் எடுப்புக்குப் போகும் அவரை, காணொளி பரவிய மறுநாளிலிருந்து, வேலைக்கு ஆள் கூட்டிப்போகும் கங்காணி ஜீப்பில் ஏற்றவில்லை. “திருட்டுப் பயலோட அம்மான்னு யாரும் சொல்லல சார், வண்டியில எடம் இல்லன்னு சொல்றாங்க” என்றார். சமூகப் பின்னணி அறிக்கையில் கையெழுத்துப் போட்டிருந்தார். ஆனால் அதிலிருந்த மலையாளத்தில் ஒரு வரிகூட அவருக்குத் தெரியாது. தமிழ்ச் சிறுபான்மையினர் தாங்கள் மிகுந்து வாழும் பகுதியின் அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதி, தமிழிலேயே பதில் பெறக் கேரள ஆட்சிமொழிச் சட்டம், 1969 இடம் தருகிறது. நடைமுறையில் அதைக் கேட்டுப் பெற ஒரு ஆள் வேண்டியிருக்கிறது.

மூத்தவன் வர மறுத்துவிட்டான். அவன் வேலை செய்யும் இடத்தில், முதலாளி கேட்டுக்கொண்டிருக்க அவனிடம் பேசினேன். அதைச் செய்திருக்கக் கூடாது.

கூடிய நாள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசகசாலையின் உள்ளறையில் கூடினோம். தோட்டக்காரர், அவர் மனைவி, இரு சிறுவர்கள், அவர்களுடைய பெற்றோர், நன்னடத்தை அலுவலர், இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், நான். மெம்பரையும் சங்கத்துக்காரரையும் அழைக்கவில்லை; அதற்கான காரணத்தை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். கைப்பேசிகள் ஒரு பையில் போய்விட்டன. எல்லாருக்கும் ஒரே மாதிரி நாற்காலி போட்டிருந்தும், இளையவனுடைய அப்பா கால்மணி நேரம் உட்காரவில்லை. முதலாளி முன்னால் உட்கார்ந்து அவருக்குப் பழக்கமில்லை. தோட்டக்காரரே எழுந்து வந்து கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

பேச்சைத் தொடங்கிய ஐந்தாம் நிமிடத்தில் இளையவனுடைய அப்பா மகனின் பிடரியில் கை வைத்து, “விழுடா கால்ல” என்று தள்ளினார். பையன் பாதி குனிந்துவிட்டான். நான் குறுக்கே கை நீட்டித் தடுத்தேன். இந்த முயற்சியில் நான் எடுத்த முடிவுகளிலேயே அதிகம் விவாதிக்கப்பட்டது இதுதான். நன்னடத்தை அலுவலரே பின்னால், மனிதர் மன்னிக்கத் தயாராக இருந்தபோது ஏன் தடுத்தீர்கள் என்று கேட்டார். எங்கள் ஊர்களில் காலில் விழுந்ததும் பேச்சு முடிந்துவிடும். விழுந்தவன் என்ன செய்தான் என்று அதற்குப் பிறகு சொல்ல வேண்டியதில்லை. விழ வைத்தவரும் என்ன இழந்தார் என்று சொல்ல மாட்டார். சாதியும் கூலியும் குனிந்தே பழக்கிய ஒரு குடும்பத்துப் பையனுக்கு அது புதிய பாடமாகவும் இருக்காது.

அதன்பின் தோட்டக்காரரின் மனைவி ஒரு பிளாஸ்டிக் பையைத் திறந்தார். அறுபட்ட சரம் ஒன்றைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார், காய்ந்து பழுப்பாகியிருந்தது. அதை மேசையில் நீட்டிவைத்து, விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். இது நீங்கள் எடுத்த காய் இருந்த இடம், இது கார்த்திகையில் முற்றியிருக்க வேண்டிய பிஞ்சு, இந்தப் பூவெல்லாம் தையில் காயாகியிருக்கும், நுனியில் மொட்டு. குரலை உயர்த்தவே இல்லை. வங்கித் தவணையைத் தை எடுப்பில் கட்டுவதாக இருந்தோம் என்று மட்டும் சேர்த்துச் சொன்னார்.

நடுவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். சிறு வயதில் அம்மாவோடு தோட்டத்துக்குப் போனவன் என்பதால் அவனுக்குச் சரம் தெரியாத பொருளல்ல. “தெரியும்க்கா. அறுக்கும்போதே தெரியும். வெளிச்சம் வரதுக்குள்ள போகணும்னு அறுத்துட்டோம்” என்றான். உடைந்த கைப்பேசியைச் சரிசெய்ய நண்பனிடம் வாங்கிய 1,800 ரூபாய்க் கடனைப் பற்றியும், எவ்வளவு கொண்டுவந்தாலும் எடுத்துக்கொள்வதாகக் கடைக்காரர் சொன்னதைப் பற்றியும் பிறகு சொன்னான். இளையவன் அழுதான், அதிகம் பேசவில்லை.

நடுவனுடைய அம்மா தன் முறை வந்ததும் தோட்டக்காரரைப் பார்த்து, “எம் பிள்ள செஞ்சது தப்புதான் முதலாளி. கட்டி வச்சீங்க, சரி. படம் எதுக்கு எடுத்தீங்க?” என்று கேட்டார். அவர் உடனே பதில் சொல்லவில்லை. தான் எடுக்கவில்லை என்றார். பிறகு, தடுக்கவும் இல்லை என்றார். ஜீப்பில் இடம் இல்லாமல் போன செய்தி அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

ஒப்பந்தம்

பையன்கள் தன் தோட்டத்தில் வேலை செய்து கடனைக் கழிக்கட்டும் என்பது தோட்டக்காரரின் முதல் யோசனை. அதை நன்னடத்தை அலுவலரும் நானும் ஏற்கவில்லை. கடனுக்கு உழைப்பு என்பது கொத்தடிமை முறையின் வாசல்; ஏலத்தோட்டத்தில் அடிக்கடி மருந்து தெளிப்பார்கள் என்பதும் ஒரு காரணம்.

எழுதிக்கொண்டது இது. காய் விலை 7,000 ரூபாயும், அறுபட்ட சரங்களுக்காக 2,600 ரூபாயும் சேர்த்து 9,600 ரூபாயை, இரு குடும்பங்களும் தலா மாதம் 400 ரூபாய் வீதம் 12 மாதத்தில் தருவது. சரங்களின் உண்மையான இழப்பு இதைவிடப் பல மடங்கு என்று தோட்டக்காரர் சொன்னதையும் ஒப்பந்தத்தில் பதிந்தோம். சிறுவர்கள் இருவரும் ஆறு மாதம், சனிக்கிழமைகளில் ஊராட்சியின் வலி நிவாரணப் பராமரிப்புக் குழுவோடு வீடுகளுக்குப் போவது. 14 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான சமூக சேவையாக முதியோர்க்கும் நோயாளிகளுக்கும் உதவுவதை மாதிரி விதிகளே சொல்கின்றன. தோட்டக்காரர் தன் பங்குக்கு, காணொளி போன அதே குழுக்களில் அது தவறு, அழித்துவிடுங்கள் என்று சொல்வது; கங்காணியிடம் தானே பேசுவது.

குழுமம் இதைப் பார்த்து, 18-ஆம் பிரிவின் கீழ் அறிவுரையும் சமூக சேவையும் விதித்து இருவரின் விசாரணையை முடித்தது. பணம் பற்றிய பகுதி உத்தரவில் சேரவில்லை. அது இரு தரப்பின் விருப்ப ஒப்பந்தமாகவே இருந்தது.

பின்னர் நடந்தவை

கங்காணியிடம் பேசிய வாரமே அம்மாவுக்கு ஜீப்பில் இடம் கிடைத்தது. வாட்ஸ்அப் குழுக்களில் தோட்டக்காரர் தன் குரலிலேயே செய்தி போட்டார். படம் எடுத்த அண்ணன் மகன் அதற்காகச் சித்தப்பாவோடு சில மாதம் பேசவில்லை.

சனிக்கிழமை வேலையில் இளையவன் ஆறு வாரத்தில் நின்றுவிட்டான். படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்க்க அவனுக்குப் பயம் என்று பிறகுதான் தெரிந்தது. வாசகசாலையில் புத்தகம் அடுக்கும் வேலைக்கு மாற்றியதும் முடித்துக்கொடுத்தான். நடுவன் நன்றாகப் பொருந்திப்போனான். குழுவின் செவிலியர் மலையாளி; லயங்களில் படுத்திருக்கும் கிழவிகளுக்குத் தமிழ் மட்டுமே தெரியும். எந்த மாத்திரை காலையில், எது இரவில், வலி எங்கே தொடங்கி எங்கே போகிறது என்பதை இரண்டு பக்கமும் அவன்தான் மொழிபெயர்த்தான். ஆறு மாதம் முடிந்த பிறகும் செவிலியர் அவனைக் கூப்பிட்டனுப்பிக்கொண்டிருந்தார்.

ஆடி, ஆவணி மழையில் வேலை இல்லாமல் இரண்டு தவணை தவறியது. தோட்டக்காரர் யாரிடமும் புகார் சொல்லவில்லை. 14 மாதத்தில் பணம் முழுதும் சேர்ந்தது. அதுவரை இருவர் மீதும் புதிய புகார் ஏதும் வரவில்லை. மூவரில் இருவரை மட்டும் வைத்து இந்த முறை பலித்தது என்று சொல்லிவிட முடியாது.

மூத்தவனின் விசாரணை வழக்கமான பாதையில் போனது. இரண்டு அமர்வுகளுக்கு வராமல், வேலை தேடித் திருப்பூருக்குப் போய்விட்டான். சிறு குற்றமாக இருந்து, நீட்டித்த கெடுவும் சேர்த்து ஆறு மாதத்துக்குள் விசாரணை முடியாவிட்டால், நடவடிக்கை தானாகவே முற்றுப்பெறும் என்பது 14-ஆம் பிரிவு. அப்படியே முற்றுப்பெற்றது. அது முடிந்ததே தோட்டக்காரருக்குத் தெரியாது; ஓராண்டு கழித்து என்னிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

காணொளியை முதல் நாளே பேசியிருக்க வேண்டும். ஐந்து வாரம் கழித்து, பாதிக்கப்பட்ட அம்மாவே கேட்ட பிறகுதான் அது பேச்சில் வந்தது. 24-ஆம் பிரிவின்படி வழக்குப் பதிவேடு காலக்கெடுவுக்குப் பின் அழிக்கப்படும். குழுக்களில் போனது எத்தனை கைப்பேசிகளில் தங்கியிருக்கிறது என்று எவராலும் சொல்ல முடியாது. 74-ஆம் பிரிவைச் சொல்லி அன்று மாலைக்குள் குழு நிர்வாகிகளைக் கேட்டிருந்தால் பாதியாவது நின்றிருக்கும்.

அறிக்கைகளைத் தமிழில் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும் என்பதை இப்போது நன்னடத்தை அலுவலரோடு பேசி நடைமுறையாக்கியிருக்கிறோம். மூத்தவனிடம் வேறு இடத்தில், அவன் நம்பும் யாரையாவது வைத்துப் பேசியிருந்தால் வந்திருப்பானோ என்னவோ. அவன் பங்கு பணத்தையும் மற்ற இருவர் சுமக்கும்படி தொகையைப் பிரித்தது நியாயமல்ல. கிலோ 200 ரூபாய்க்குக் கேள்வி கேட்காமல் வாங்கிய கடைக்காரருக்கு அந்த அறையில் ஒரு நாற்காலி போட நான் முயலவே இல்லை. வழக்கு நடக்கும்போது அவர் வந்திருக்க மாட்டார் என்பது என் சமாதானம். ஆனால் நான் கேட்டுப் பார்க்கவில்லை.

பெரிய தவறு பின்னால்தான் தெரிந்தது. நடுவனின் 12 தவணைகளில் ஒன்பதைக் கட்டியது கம்பத்தில் துணிக்கடையில் நிற்கும் அவனுடைய அக்கா. கூடிப்பேச்சுக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை. எனக்கு அவள் இருப்பதே தெரியாது. தம்பி செய்ததற்கு அவள் மாதாமாதம் 400 ரூபாய் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அவன் அதை அறிந்தும் சொல்லாமல் இருந்திருக்கிறான். அதன்பின் எழுதிய ஒப்பந்தங்களில், இந்தப் பணம் வீட்டில் யார் கையிலிருந்து வரும் என்ற கேள்வியைச் சேர்த்து, அந்த ஆளையும் அறையில் உட்கார வைத்த பிறகே தொகையை எழுதுகிறோம்.